வழிகாட்டுபவர் எங்கே நிற்கிறார்? லீட், கைட், டைரக்ட், எஸ்கார்ட்: எதை எப்போது எழுதுவது

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த புதிதில் ஒரு செய்தியைத் தமிழாக்கினேன். ஏதோ ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று கூச்சல் போட்ட ஒருவரை அரங்கிலிருந்து ‘எஸ்கார்ட்’ செய்தார்கள் என்று மூலத்தில் இருந்தது. அகராதியைப் புரட்டினேன். ‘வழித்துணையாகச் செல்’ என்று போட்டிருந்தது. “அவரை வாசல்வரை உடன்சென்று வழியனுப்பி வைத்தனர்” என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதைப் படித்த மூத்தவர் தலையைத் தூக்காமலே கேட்டார்: “டாட்டாவும் காட்டினாங்களா?”

அகராதியைக் குறை சொல்ல முடியாது. லீட், கைட், டைரக்ட், கண்டக்ட், ஸ்டியர், அஷர் என்று எதைத் தேடினாலும் ‘வழிகாட்டு’, ‘நடத்து’, ‘அழைத்துச் செல்’ ஆகிய மூன்றும்தான் மாறி மாறி வரும். பொருள் தப்பில்லை, படம்தான் இல்லை. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு படம் இருக்கிறது. ஒருவர் நிற்கிறார் அல்லது நடக்கிறார். இன்னொருவர் போகவேண்டிய இடத்துக்குப் போகிறார். முதலாமவர் நிற்கும் இடம் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தமிழில் இதை நாம் யோசிக்காமலே செய்கிறோம். மாட்டை ஓட்டிக்கொண்டு போனான் என்றால் ஆள் பின்னால் வருகிறான். மாட்டைப் பிடித்துக்கொண்டு போனான் என்றால் கயிறு கையில், ஆள் முன்னால். இரண்டையும் யாரும் நமக்குப் பாடமாக நடத்தவில்லை. ஆங்கிலத்தில் இதே வேறுபாட்டைக் கொஞ்சம் கவனம் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் படி: ஆள் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

முன்னால் நடந்தால் லீட். பின்னால் வருகிறவர் முதுகைப் பார்த்துக்கொண்டு தொடர்கிறார். பழைய ஜெர்மானிய மொழியில் ‘போ’ என்ற வினையின் பிறவினையாக, ‘போகச் செய்’ என்ற பொருளில் பிறந்த சொல் இது. நம்முடைய ‘நட’ ‘நடத்து’ ஆனதுபோல. ஊர்வலத்தின் முகப்பில் போகிறவர் லீட் செய்கிறார், பந்தயத்தில் முந்தி ஓடுகிறவரும் லீட் செய்கிறார். கட்சிக்கோ அணிக்கோ தலைமை தாங்குவதற்கும் அதே சொல் வருவதற்குக் காரணம் அந்த முன்நிலைதான். முன்னால் நின்றாலே போதும். வழி தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. வழி தெரியாமல் முன்னால் போகிறவர்களையும் ஆங்கிலம் லீடர் என்றே அழைக்கிறது.

எழுத்துப் பிழை ஒன்று இங்கே காத்திருக்கிறது. நிகழ்காலத்தில் எல், இ, ஏ, டி என நான்கு எழுத்து. இறந்தகாலம் ‘லெட்’, அதில் ஏ கிடையாது, மூன்றே எழுத்து. ஈயம் என்ற உலோகத்தின் பெயரும் ‘லெட்’ என்றே ஒலிக்கிறது, ஆனால் அதற்கு நான்கு எழுத்து. இந்த உலோகம் மூளையில் புகுந்துகொண்டு இறந்தகால வினையிலும் ஒரு ஏ-யைச் செருகிவிடும். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களும் அடிக்கடி விழும் பள்ளம் இது. நீங்கள் விழுந்தாலும் வெட்கப்பட வேண்டாம், திருத்திக்கொள்ளுங்கள்.

பின்னால் நின்று போகவைத்தால் டிரைவ், ஹெர்ட், ஷெப்பர்ட் ஆகிய மூன்றில் ஒன்று. டிரைவில் தள்ளுதல் இருக்கிறது, துரத்துதல்கூட இருக்கலாம். மற்ற இரண்டும் மந்தையிலிருந்து வந்தவை, ஆனால் மனநிலை வேறு. ஷெப்பர்ட் என்பதில் பொறுமையும் அக்கறையும் உண்டு. சிதறி நடக்கும் சிறுபிள்ளைகளை ஓர் ஆசிரியை சாலையைக் கடக்க வைத்தால் அவர் ஷெப்பர்ட் செய்கிறார். ஹெர்ட் என்றால் மனிதர்களை ஆடுமாடுபோல நடத்துவது. அகதிகளை வண்டிகளில் ‘ஹெர்ட்’ செய்தார்கள் என்று ஒரு செய்தி சொன்னால், எழுதியவர் அந்தச் செயலைக் கண்டிக்கிறார் என்று பொருள். அதை ‘அழைத்துச் சென்றனர்’ என்று மொழிபெயர்த்தால் கண்டனம் காணாமல் போய்விடும். ‘அடைத்துக்கொண்டு போனார்கள்’ என்றால்தான் அருகில் வரும். நாம் பேச்சில் “இவனுங்களை மேய்க்கவே நேரம் சரியாப் போகுது” என்கிறோமே, அந்த அலுப்பும் ஹெர்ட்டைச் சேர்ந்ததே.

பக்கத்தில் நடந்தால் இரண்டு சொற்கள். அக்கம்பனி என்பது சும்மா உடன் போவது. கச்சேரியில் பக்கவாத்தியம் வாசிப்பதற்கும் இதே வினைதான், அந்த ஒரு எடுத்துக்காட்டே போதும். எஸ்கார்ட் என்றால் உடன் போவதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். போகிறவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பது ஒரு காரணம். போகிறவர் பெரிய மனிதர் என்பது இன்னொன்று. போகிறவரை நம்பமுடியாது என்பது மூன்றாவது. முதலமைச்சரையும் எஸ்கார்ட் செய்வார்கள், திருடனையும் எஸ்கார்ட் செய்வார்கள். எது என்று தெரிய, அடுத்து வரும் சிறுசொல்லைப் பாருங்கள். ‘அவுட் ஆஃப்’ வந்தால் பெரும்பாலும் வெளியேற்றம். நான் எழுதியிருக்க வேண்டியது: “காவலர்கள் அவரை அரங்கிலிருந்து வெளியே கொண்டுபோய் விட்டனர்.”

இன்னொரு எச்சரிக்கை. பெயர்ச்சொல்லாக வரும் எஸ்கார்ட்டுக்குப் பாலியல் தொழில் சார்ந்த பொருளும் உண்டு. “விருந்துக்கு ஓர் எஸ்கார்ட்டோடு வருகிறேன்” என்று யாருக்கும் எழுதிவிடாதீர்கள்.

இனி, இடத்தை விட்டு அசையாமலே வழிகாட்டுகிறவர். அதுதான் டைரக்ட். கை நீட்டுகிறார், வாயால் சொல்கிறார், கால் மட்டும் நகர்வதில்லை. சந்திப்பின் நடுவில் நின்று போக்குவரத்தைச் சீர்செய்யும் காவலரை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டிகள் எல்லாம் போகின்றன, அவர் மட்டும் போவதில்லை. திரைப்பட இயக்குநரும் அப்படித்தான்; கேமராவுக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு அந்தப் பக்கம் உள்ளவர்களை நகர்த்துகிறார்.

இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பது என் கட்சி. ஆற்றுப்படை என்ற இலக்கிய வகையை நினைத்துப் பாருங்கள். ஆறு என்றால் வழி. படுத்துதல் என்றால் அதில் செலுத்துதல். வள்ளலிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞன், எதிரே வறுமையோடு வரும் இன்னொரு கலைஞனிடம், இன்ன வழியே போ, இன்னாரைப் பார் என்று சொல்லி அனுப்புகிறான். தான் மறுபடி உடன் போவதில்லை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் இந்த வகை. தலைப்பை ஆங்கிலமாக்குகிறவர்கள் பலரும் கைட் என்ற சொல்லைத்தான் எடுக்கிறார்கள். நல்ல சொல்தான். ஆனால் பாட்டுக்குள் நடக்கும் செயல் எது என்று கேட்டால் நான் டைரக்ட் என்றுதான் சொல்வேன்.

இரண்டாவது: வழி யாருக்குத் தெரியும்?

அப்படியானால் கைட் எங்கே நிற்கிறது? எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம், அதனால்தான் இது வழுக்கும் சொல். இதற்கு இடம் முக்கியமில்லை, அறிவு முக்கியம். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தாலும் அடியில் இருப்பது ஒரு ஜெர்மானிய வேர். ‘அறி’, ‘காண்’ என்று பொருள்படும் அந்த வேரின் தூரத்து உறவு சமஸ்கிருதத்தின் வேதம் என்ற சொல். அறிந்தவர் அறியாதவருக்கு உதவுவது கைட். நடப்பது அறியாதவரின் சொந்தக் கால்.

பார்வையில்லாதவருக்குத் துணை செய்யும் முறையில் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். தெரியாதவர்கள் அவரது கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். பயிற்சி பெற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. பார்வையில்லாதவர் இவரது முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொள்வார்; இவர் அரைத் தப்படி முன்னே நடப்பார். பிடி பார்வையில்லாதவரின் கையில், வேண்டாமென்றால் அவரே விட்டுவிடலாம். முதலாவது, கையைப் பிடித்து நடத்தும் லீட். இரண்டாவதுதான் கைட். அவர்களுக்கு உதவப் பழக்கிய நாயையும் பொதுவாகக் கைட் டாக் என்கிறார்கள். லீட் டாக் என்று சொன்னால் பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் கூட்டத்தில் முதல் நாய் என்று பொருளாகிவிடும்.

மலையேற்றத்துக்குக் கூட்டிப்போகும் கைட், தான் கூட்டிப்போகிறவர்களிடமே கூலி வாங்குகிறார். அதிகாரம் அவர்களிடம், அறிவு இவரிடம். லீட் செய்கிறவரிடம் இந்தப் பணிவை எதிர்பார்க்க முடியாது. வேலையில் சேர்ந்த புதியவருக்கு முதல் வாரம் முழுக்கச் சொல்லிக் கொடுத்த சக ஊழியரைப் பற்றி எழுதும்போது லீட் என்று போட்டால் அவர் மேலதிகாரியாகிவிடுவார், கைட் என்றால் தோழராகவே இருப்பார்.

மூன்றாவது: அது ஏற்கெனவே நகர்கிறதா?

சில நேரம் நீங்கள் எதையும் புறப்பட வைப்பதில்லை. அது தானே ஓடிக்கொண்டிருக்கிறது, திசையை மட்டும் திருப்புகிறீர்கள். அதற்கு ஸ்டியர். வண்டியின் ஸ்டியரிங் வளையம் எல்லோருக்கும் தெரியும், ஆனால் சொல் கடலில் பிறந்தது. கப்பலின் வலப்பக்கத்தை ஆங்கில மாலுமிகள் ஸ்டார்போர்ட் என்பது விண்மீனால் அல்ல. பழைய வடஐரோப்பியக் கப்பல்களில் திசை திருப்பும் துடுப்பு வலப்பக்கம் பொருத்தப்பட்டிருந்தது. ஸ்டியர் செய்யும் பக்கம் என்பதே காலப்போக்கில் அப்படி உருமாறியது.

ஆட்களிடமும் பேச்சிடமும் இந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது கொஞ்சம் சூட்சுமம் கூடும். யாரும் கவனிக்காதபடி பேச்சைச் சம்பளத்திலிருந்து வானிலைக்குத் திருப்பினால் அது ஸ்டியர். எதிராளிக்குத் தான் திருப்பப்பட்டதே தெரியாமல் இருக்கலாம். கைட்டில் அது நடப்பது அரிது. ஆகவே நேர்மையாக ஆலோசனை சொன்ன ஒருவரைப் பற்றி எழுதும்போது ஸ்டியர் வேண்டாம், வாசகருக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஒரு காருக்குள் பாருங்கள். வளையத்தைப் பிடித்திருப்பவர் ஸ்டியர் செய்கிறார். பக்கத்து இருக்கையில் வரைபடத்தைப் பார்த்து “அடுத்த இடதில் திரும்பு” என்கிறவர் நேவிகேட் செய்கிறார். நேவிகேட் என்பது வழியைக் கணித்தல். அதற்குச் செயப்படுபொருளாகப் பெரும்பாலும் பாதையோ சிக்கலோதான் வரும், ஆள் வருவதில்லை. ஒருவர் புதிய சட்டத்தின் சந்துபொந்துகளை நேவிகேட் செய்யலாம். உங்களை நேவிகேட் செய்கிறேன் என்று அவர் சொன்னால் காதில் இடறும்.

பைலட்டும் கடல்காரர்தான், வானூர்தி பின்னால் வந்தது. துறைமுகத்தை நெருங்கும் கப்பலில் உள்ளூர் நீரோட்டமும் மணல்திட்டும் தெரிந்த ஒருவர் படகில் வந்து ஏறிக்கொள்வார். அந்த ஆபத்தான கடைசித் தொலைவுக்கு மட்டும் அவர் சொல்படி கப்பல் நகரும். இன்றைக்கும் அவர் பெயர் பைலட். ஆகவே கடினமான ஒரு கட்டத்தைத் தாண்டவைக்கும்போது இந்த வினை பொருந்தும். கவர்ன் என்ற சொல்லும் இதே கடற்கரையில் கரையேறியதே. கப்பலைச் செலுத்து என்னும் கிரேக்க வினை லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து அரசாளுதல் ஆனது. 1948-இல் அமெரிக்கக் கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், உயிர்களும் இயந்திரங்களும் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்ளும் விதத்தை ஆராயும் தன் நூலுக்கு வைத்த சைபர்னெட்டிக்ஸ் என்ற பெயரும் அதே கிரேக்க மாலுமியிடம் கடன் வாங்கியதுதான். இப்போது எதற்கெடுத்தாலும் முன்னால் ஒட்டும் சைபர் அங்கிருந்து கிளம்பியது.

நான்காவது: பேசும்போது இவை எதுவும் வேண்டாம்

இதைத்தான் புதியவர்களிடம் முதலில் சொல்ல நினைப்பேன், ஆனால் முதலில் சொன்னால் யாரும் மேலே படிக்கமாட்டார்கள். “வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்” என்பதற்கு ஆங்கிலத்தில் லீடும் இல்லை, கண்டக்டும் இல்லை. ‘ஐ வில் டேக் யூ தேர்’, அவ்வளவுதான். வழியைக் காட்ட ஷோ. கார்வரை உடன் நடக்க வாக்: ‘ஐ வில் வாக் யூ டு யுவர் கார்’. விருந்தினரை வாசல்வரை கொண்டுபோய் விட ‘சீ யூ அவுட்’. ஒரு படிவத்தை வரிவரியாக விளக்க ‘வாக் யூ த்ரூ’. குழந்தைகள் கற்கும் சொற்கள்தான் எல்லாம், ஆனால் பேச்சில் பத்துக்கு எட்டு இடங்களில் இவைதான் சரி. “நான் உங்களை உணவறைக்குக் கண்டக்ட் செய்கிறேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னால், நூறு வருடத்துக்கு முந்தைய மாளிகை வேலைக்காரர் பேசுவதுபோல இருக்கும்.

அஷரும் இதே வகைக் கம்பீரம்தான். லத்தீனில் வாயில்காப்போனைக் குறித்த சொல்லின் பேரன் என்பதால் இதில் எப்போதும் ஒரு கதவு இருக்கும். கதவைத் திறந்து, உள்ளே விட்டு, இருக்கை காட்டுவதோடு வேலை முடிந்தது. ஒரு கிலோமீட்டர் தூரம் யாரையும் அஷர் செய்ய முடியாது. புதிய யுகத்தை ‘அஷர் இன்’ செய்தது என்று எழுதும்போதும் அந்தக் கதவு அங்கேதான் இருக்கிறது.

ஐந்தாவது: ஆளா, காரியமா?

கண்டக்ட் ஆட்களை விட்டு விலகி ஏறத்தாழ முழுக்கக் காரியங்களிடம் போய்விட்டது. ஆய்வு, விசாரணை, கணக்கெடுப்பு, நேர்காணல் போன்று முறையும் ஒழுங்கும் உள்ளவற்றுக்கு இது கச்சிதம். பிறந்தநாள் விழாவைக் கண்டக்ட் செய்யாதீர்கள், பலூன்கள் வாடிவிடும். மின்சாரத்தைக் கடத்துவதும் இசைக்குழுவைக் கைக்கோலால் இயக்குவதும் இதே வினைதான். நமக்கு ஒரு நல்ல கைப்பிடியும் இருக்கிறது. நடத்து, நடத்துநர், நடத்தை ஆகிய மூன்றையும் வரிசையாக வையுங்கள். ஆங்கிலத்தில் கண்டக்ட், கண்டக்டர், கண்டக்ட். உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே சொல்லிலிருந்து ஒரே மூன்று பொருளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. ஒலியில் மட்டும் கவனம்: ஒழுக்கத்தைக் குறிக்கும் பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதல் அசையில், வினையில் இரண்டாம் அசையில்.

கோச், மென்டர் இரண்டும் ஆளை எங்கும் கொண்டுபோவதில்லை, ஆளையே மாற்றுகின்றன. கோச்சுக்கு ஒரு குறிக்கோளும் காலக்கெடுவும் உண்டு. அந்தச் சொல் முதலில் குறித்தது, ஹங்கேரியிலுள்ள கோச் என்ற ஊரின் பெயரால் வந்த குதிரை வண்டியை. தேர்வைக் கடக்க மாணவனை ஏற்றிச் செல்லும் ஆசிரியரை ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் 1830 வாக்கில் கேலியாக அப்படி அழைக்க, கேலி பதவியாகிவிட்டது. மென்டருக்குக் காலக்கெடு இல்லை, உறவு இருக்கும்.

ஆறாவது: பின்னால் வரும் சிறுசொல்லைச் சரிபாருங்கள்

வினையைச் சரியாகத் தேர்ந்து சிறுசொல்லில் சறுக்குகிறவர்கள் நிறைய. நம்மவர்களின் முதல் பிழை ‘அக்கம்பனி வித் மீ’. ‘உடன்’ என்பது வினைக்குள்ளேயே இருக்கிறது, மறுபடி ‘வித்’ வேண்டாம். ‘அக்கம்பனி மீ’ போதும். ‘லீட் டு’ என்பதன் பின் ஆளில்லாமல் விளைவு வந்தால் ‘இட்டுச் செல்’, ‘காரணமாகு’ என்று பொருள் மாறும். கைட்டுக்கு ‘த்ரூ’ பிடிக்கும், ஸ்டியருக்கு ‘அவே ஃப்ரம்’ பிடிக்கும்.

டைரக்டில் உள்ள கண்ணி பெரிது. ‘டு’ என்பதன் பின் இடம் வந்தால் வழி சொன்னார். ‘டு’ என்பதன் பின் வினை வந்தால் ஆணையிட்டார். வரவேற்பாளர் என்னை மூன்றாம் மாடிக்கு டைரக்ட் செய்தார் என்றால் நன்றி சொல்லலாம். வெளியே போகும்படி டைரக்ட் செய்தார் என்றால் போய்த்தான் ஆகவேண்டும். நீதிமன்ற ஆவணங்களில் வருவது இரண்டாவது. அதை ‘வழிகாட்டியது’ என்று மொழிபெயர்த்தால், கட்டாயமாகச் செய்யவேண்டியது விருப்பப்பட்டால் செய்யலாம் என்று ஆகிவிடும். ‘உத்தரவிட்டது’ அல்லது ‘பணித்தது’ என்று எழுதுங்கள்.

ஏழாவது: தப்பான வழி

‘மிஸ்’ என்ற முன்னொட்டு சேர்ந்தால் குடும்பம் முழுக்க வேறு வேறு திசையில் ஓடுகிறது. மிஸ்லீட் என்றால் தப்பான நம்பிக்கையை உண்டாக்குவது. வேண்டுமென்றும் செய்யலாம், அறியாமலும் நேரலாம். மிஸ்கைடட் என்றால் நல்லெண்ணம் இருந்தும் யோசனை பிசகியது. திட்டுவதுபோல் தெரியாமல் திட்ட வசதியான சொல். மிஸ்டைரக்ட் முகவரி மாறிய கடிதத்துக்கும், ஒரு கையைக் காட்டி மறுகையால் நாணயத்தை ஒளிக்கும் மந்திரவாதிக்கும் உரியது. மிஸ்கண்டக்ட்டில் வழியே இல்லை, கெட்ட நடத்தைதான். மிஸ்லெட் என்ற இறந்தகாலத்தை எழுத்தில் பார்த்துவிட்டு ‘மைசில்டு’ என்று மனத்துக்குள் பல வருடம் படித்துவந்ததாகப் பல ஆங்கிலேயர்களே ஒப்புக்கொள்வார்கள்.

‘லீடிங் கொஸ்டின்’ முக்கியமான கேள்வி அல்ல. “அன்றைக்கு நீங்கள் பார்த்தது சிவப்புக் கார்தானே?” என்பதுபோல விடையைத் தன் வயிற்றிலேயே வைத்திருக்கும் கேள்வி.

கடைசியாக, கையில் பென்சில் எடுங்கள்

கீழே உள்ளவற்றுக்கு முதலில் நீங்களே ஒரு வினை எழுதிப் பாருங்கள், பிறகு என் விடையைப் படியுங்கள்.

மருத்துவமனை வாசலில் உட்கார்ந்திருப்பவர் “நேரா போய் வலது பக்கம்” என்றார்: டைரக்ட்.

தீப்பிடித்த கட்டடத்தில் புகைக்குள் முன்னால் புகுந்து மற்றவர்களைப் பின்னால் வரச்சொன்னார்: லீட். அவர் கட்டடத்தின் மூலைமுடுக்கெல்லாம் அறிந்தவர் என்று வாசகருக்கு உணர்த்தவேண்டுமானால் கைட்டும் வரலாம்.

சண்டைக்குத் தயாராக இருந்த இரண்டு நண்பர்களில் ஒருவரைத் தோளில் கைபோட்டு மெல்ல வேறு அறைப்பக்கம் திருப்பினார்: ஸ்டியர்.

நாற்பது பேர் கொண்ட முதியோர் சுற்றுலாக் குழுவை, ஒருவரும் தொலைந்துபோகாமல், ரயில் நிலையத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொண்டுசேர்த்தார்: ஷெப்பர்ட். ஹெர்ட் என்று எழுதியிருந்தால் அந்த முதியவர்களில் யாராவது ஒருவர் உங்களைத் தேடி வருவார்.

பாட்டியை வங்கிக்குக் கூட்டிப் போனான். எஸ்கார்ட் என்று எழுதியிருக்கிறீர்களா? பாட்டியிடம் நகைப்பெட்டி இருந்தால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடித்துவிட்டு டேக் என்று போடுங்கள்.